பன்றி இதயத்துக்குப் பயம் தெரியுமா? தானியங்கு நரம்புகளின் ரசாயனக் கணக்கு

2022 ஜனவரி 7 அன்று, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள மேரிலேண்ட் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், 57 வயதுக்காரர் ஒருவருக்கு மரபணு திருத்திய பன்றியின் இதயத்தைப் பொருத்தினார்கள். இரண்டு மாதம் உயிரோடிருந்தார். 2023 செப்டம்பரில் அதே இடத்தில் இன்னொருவருக்குப் பொருத்தினார்கள். அவர் ஏறக்குறைய ஆறு வாரம் இருந்தார். 2024 மார்ச்சில் பாஸ்டன் நகரில் பன்றிச் சிறுநீரகம் ஒன்று மனிதருக்குள் போனது. இந்தியாவுக்கும் இதில் ஒரு பழைய பக்கம் உண்டு. 1997இலேயே அசாமில் தனிராம் பரூவா என்ற அறுவை மருத்துவர் ஒரு நோயாளிக்குப் பன்றி இதயத்தைப் பொருத்தினார். நோயாளி சில நாட்களில் இறந்துபோக, மருத்துவர் கைதானார்.

இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் பெங்களூர்த் தமிழர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரே மாதிரியான கேள்விகள்தான் சுற்றும். பன்றி இதயத்தோடு பன்றியின் குணமும் வருமா? நோயாளி பயந்தால் அந்த இதயம் படபடக்குமா? மனித மூளை போடும் உத்தரவு பன்றி நரம்புக்குப் புரியுமா? ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்திலிருந்து இதய வைத்தியத்துக்குப் பெங்களூர் வருகிறவர்களுக்கோ குழப்பம் வேறு. ‘பன்றி வால்வு வைக்கலாம்’ என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அதையும் இந்தச் செய்தியையும் சேர்த்து முடிச்சுப்போட்டுக்கொள்கிறார்கள்.

முதல் கேள்விக்கு நீட்டி முழக்க வேண்டியதில்லை: வராது. மற்ற இரண்டும் நல்ல கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்ல, நரம்பு எந்த ரசாயனத்தைக் கொண்டு பேசுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கேட்காமலே நடக்கும் நிர்வாகம்

சாப்பிட்ட இட்லி செரிக்க நாம் உத்தரவு போடுவதில்லை. வெளிச்சம் அதிகமானால் கண்மணி சுருங்குவதும், மாடிப்படி ஏறினால் இதயம் வேகமெடுப்பதும், சிறுநீர்ப்பை நிரம்பும்வரை தளர்ந்து கொடுப்பதும் தாமாகவே நடக்கின்றன. இவற்றைப் பார்த்துக்கொள்வதுதான் தானியங்கு நரம்பு மண்டலம். பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் லாங்லி 1898இல் ஆங்கிலத்தில் வைத்த பெயரின் தமிழாக்கம் இது.

இதில் மூன்று பிரிவுகள்:

1. பரிவு நரம்புகள். அவசர நேரத்துக்கானவை. இதயத்தை விரட்டும், குடலை அடக்கும், பல இடங்களில் ரத்தக்குழாய்களை இறுக்கும்.
2. எதிர்ப்பரிவு நரம்புகள். ஓய்வு நேரத்துக்கானவை. இதயத்தை நிதானப்படுத்தும், எச்சில் ஊறவைக்கும், செரிமானத்தைத் தூண்டும்.
3. குடல் நரம்பு மண்டலம். குடல் சுவருக்குள்ளேயே பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பு செல்களோடு, மேலிடத்து உத்தரவு இல்லாமலும் வேலை பார்க்கக் கூடிய தனி நிர்வாகம்.

முதல் இரண்டிலும் மூளை அல்லது தண்டுவடத்திலிருந்து உறுப்புக்கு ஒரே கம்பியாகப் போவதில்லை. நடுவில் ஒரு கைமாற்று உண்டு. முதல் நரம்பு செல் கிளம்பி வந்து ஓரிடத்தில் முடியும்; அங்கிருந்து இரண்டாவது செல் உறுப்புக்குப் போகும். இந்தக் கைமாற்று நடக்கும் இடம் நரம்பு முடிச்சு. பல செல்கள் திரண்டிருப்பதால் ஒரு சின்ன முடிச்சு போலவே இருக்கும்.

முடிச்சு எங்கே இருக்கிறது என்பதில்தான் பின்னால் வரப்போகும் விடை ஒளிந்திருக்கிறது. பரிவு நரம்புகளின் முடிச்சுகள் பெரும்பாலும் உறுப்பிலிருந்து தள்ளி, முதுகெலும்பை ஒட்டியோ வயிற்றுக்குள் பெரிய தமனியை ஒட்டியோ இருக்கும். எதிர்ப்பரிவு முடிச்சுகள் பெரும்பாலும் உறுப்புக்குப் பக்கத்திலோ உறுப்பின் சுவருக்குள்ளேயோ இருக்கும். மனிதருக்கும் இதே அமைப்புதான், பன்றிக்கும் இதேதான்.

இரண்டு தவளை இதயங்கள்

நரம்பு நுனிக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கிறது. செய்தி அதை எப்படித் தாண்டுகிறது? மின்பொறியாகத் தாவுகிறதா, ரசாயனமாகக் கரைந்து போகிறதா என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய சண்டையே நடந்தது.

1921இல் மருந்தியல் அறிஞர் ஓட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்தார். மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் எதிர்ப்பரிவு நரம்புக்கு வேகஸ் என்று பெயர். முதல் இதயத்தின் வேகஸ் நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. அந்த இதயத்தை நனைத்துக்கொண்டிருந்த திரவத்தை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். அதன் நரம்பை யாரும் தொடவே இல்லை. ஆனாலும் அதன் துடிப்பும் குறைந்தது. அப்படியானால் நரம்பு எதையோ கசியவிட்டிருக்கிறது, இதயம் அந்தப் பொருளுக்குத்தான் கட்டுப்படுகிறது. அந்தப் பொருள் அசிட்டைல்கோலின். 1936இல் லோவியும் பிரிட்டிஷ் அறிஞர் ஹென்றி டேலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

பத்தாண்டு கழித்து, 1946இல், பரிவு நரம்பு நுனிகள் கசியவிடுவது நார்அட்ரினலின் என்று ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர் காட்டினார். சரி, கணக்கு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். எதிர்ப்பரிவு என்றால் அசிட்டைல்கோலின், பரிவு என்றால் நார்அட்ரினலின். பள்ளிப் பாடம் இன்றைக்கும் ஏறக்குறைய இந்த அளவில்தான் நிற்கிறது.

இந்த இரண்டும் நம் வீட்டு மருந்துப் பெட்டியிலும் இருக்கின்றன. ரத்த அழுத்தத்துக்குப் போடும் மெட்டோபிரோலால், இதயத்தில் நார்அட்ரினலின் உட்காரும் ஏற்பியை அடைத்து வைக்கிறது. ஏற்பி என்பது செல்லின் மேல் இருக்கும் பூட்டு. ரசாயனம் அதன் சாவி. பிராஸ்டேட் வீக்கத்துக்கு அப்பாவோ தாத்தாவோ சாப்பிடும் டாம்சுலோசின் அடைப்பது வேறொரு நார்அட்ரினலின் பூட்டை. வயலில் பூச்சிமருந்து விஷம் ஏறி வந்தவருக்கு வாயில் நுரை தள்ளி, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தால், உடலில் அசிட்டைல்கோலின் சிதையாமல் தேங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே அட்ரோபின் போடுவது அதன் பூட்டை அடைக்கத்தான்.

கசாப்புக்கடைக் குடலில் கிடைத்த பெயர்கள்

பன்றி இந்தக் கதைக்குள் நுழைவது இங்கேதான். உறுப்பு தரும் விலங்காக அல்ல, மூலப்பொருளாக.

ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா நிறுவனத்தில் எரிக் யோர்ப்பஸ், விக்டர் மட் என்ற இரண்டு உயிர்வேதியியலாளர்கள் இறைச்சிக்கூடத்திலிருந்து பன்றிக் குடலை மூட்டை மூட்டையாக வாங்கிக் கொதிக்கவைத்து, வடிகட்டி, அதிலிருந்து ஹார்மோன்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டிய பொருள் மில்லிகிராம் கணக்கில்தான் இருக்கும். அதற்காகக் கிலோக் கணக்கில் அல்ல, டன் கணக்கில் குடல் வேண்டும். எலியையோ முயலையோ வைத்து இந்த வேலை நடக்காது. பன்றிக் குடல் மலிவு, அளவில்லாமல் கிடைக்கும். அறிவியல் வரலாற்றில் இறைச்சிக்கூடத்துக்கு இருக்கும் பங்கை யாரும் அதிகம் எழுதுவதில்லை.

1970இல் சமி சயீத் என்ற மருத்துவர் மட்டோடு சேர்ந்து பன்றியின் சிறுகுடலிலிருந்து ஒரு பெப்டைடைப் பிரித்தார். பெப்டைடு என்றால் அமினோ அமில மணிகளைக் கோத்த சிறிய மாலை. இதில் 28 மணிகள். ரத்தக்குழாயை விரியவைப்பதால் அதற்கேற்ற ஒரு நீண்ட பெயர் வைத்தார்கள். அதன் சுருக்கம் வி.ஐ.பி. நம் ஊரில் வி.ஐ.பி. வந்தால் சாலையை அடைப்பார்கள், இந்த வி.ஐ.பி. வந்தால் பாதை அகலமாகும். முதலில் இது குடல் ஹார்மோன் என்றுதான் நினைத்தார்கள். பிறகு பார்த்தால் நரம்பு செல்களுக்குள் குவிந்திருக்கிறது.

அப்புறம் ஜப்பானியரான கசுஹிக்கோ டடேமோட்டோ மட்டின் கூடத்துக்கு வந்து சேர்ந்தார். இருவரும் தேடலையே தலைகீழாக்கினார்கள். அதுவரை எல்லோரும் ‘இது ரத்தக்குழாயை விரிக்கிறதா, குடலைச் சுருக்குகிறதா’ என்று விளைவைப் பார்த்துப் பொருளைத் தேடினார்கள். இந்த இருவரும் பொருளின் வேலையைப் பார்க்கவில்லை, வாலைப் பார்த்தார்கள். உடலில் செய்தி சொல்லும் பெப்டைடுகள் பலவற்றின் கடைசி நுனியில் ‘அமைடு’ என்ற ரசாயன வால் ஒட்டியிருக்கும். அந்த வால் இருப்பதையெல்லாம் பிரித்தெடுத்துப் பார்ப்போம், என்ன வேலை செய்கிறது என்பதைப் பிறகு கண்டுபிடிப்போம் என்று இறங்கினார்கள். அப்படி வந்தவை:

1. பெப்டைடு ஒய்.ஒய். 1980இல் பன்றிக் குடலிலிருந்து.
2. நியூரோபெப்டைடு ஒய். 1982இல் பன்றி மூளையிலிருந்து. 36 மணிகள். முதல் மணியும் கடைசி மணியும் டைரோசின் என்ற அமினோ அமிலம். அதன் ஒற்றை எழுத்துக் குறியீடு ஒய். பெயர் அப்படி வந்தது.
3. கலானின். 1983இல் பன்றிக் குடலிலிருந்து. தொடக்கத்தில் கிளைசின், கடைசியில் அலனின். இரண்டின் தலையெழுத்துகளைச் சேர்த்துப் பெயராக்கினார்கள்.

இன்றைக்கு எந்த ஊர் ஆய்வுக்கூடத்திலும் தானியங்கு நரம்பைப் பற்றிப் பேசினால் வாயில் வரும் பெயர்களில் பாதி, பன்றி கொடுத்தவை. இன்னொரு செய்தியும் இதில் அடங்கியிருக்கிறது. வி.ஐ.பி. மாலையில் பன்றிக்கும் மனிதருக்கும் 28 மணிகளும் ஒன்றே. நியூரோபெப்டைடு ஒய்யில் 36இல் ஒரே ஒரு மணி, 17ஆவது, மாறுகிறது. இன்சுலினிலும் அப்படித்தான்; 51இல் ஒன்றுதான் வேறு, அதனால்தான் பல பத்தாண்டுகள் சர்க்கரை நோயாளிகள் பன்றி இன்சுலினால் உயிர் பிழைத்தார்கள். கலானினில் வித்தியாசம் கொஞ்சம் கூடுதல்: பன்றிக்கு 29 மணி, மனிதருக்கு 30. அசிட்டைல்கோலினும் நார்அட்ரினலினும் பெப்டைடுகளே அல்ல, சின்ன மூலக்கூறுகள்; அவை எந்தப் பாலூட்டியிலும் ஒன்றேதான்.

மனித உத்தரவு பன்றி உறுப்புக்குப் புரியுமா என்ற கேள்விக்கு இங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ரசாயன மொழி புரியும். மொழியில் சிக்கல் இல்லை. சிக்கல் கம்பியில்தான், அதற்குக் கீழே வருகிறோம்.

335இ என்றால் எங்கே போகும்?

ஒரு நரம்பு செல் ஒரே ஒரு ரசாயனத்தைத்தான் கசியவிடும் என்று நீண்ட காலம் நம்பினார்கள். 1976இல் நரம்பியல் அறிஞர் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் அதை நேரடியாகக் கேள்வி கேட்டார். அடுத்த சில ஆண்டுகளில் அந்த நம்பிக்கை உடைந்துபோனது. ஒரே செல்லுக்குள் நார்அட்ரினலினும் இருக்கிறது, நியூரோபெப்டைடு ஒய்யும் இருக்கிறது, சிலவற்றில் கலானினும் இருக்கிறது.

இது தாறுமாறான கலவையும் அல்ல. பெங்களூரில் இருப்பவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். 335இ என்ற பலகையைப் பார்த்தாலே மெஜஸ்டிக்கிலிருந்து காடுகோடிப் பக்கம் போகும் பஸ் என்று தெரிந்துவிடும். 500டி என்றால் ஹெப்பாள், சில்க் போர்டு. எண்ணில் பாதிதான் சேதி, கூட நிற்கும் எழுத்தில் மீதி. நரம்பு செல்லும் அப்படித்தான். உள்ளே இருக்கும் ரசாயனங்களின் சேர்க்கையைப் பார்த்தே அந்த நரம்பு எந்த உறுப்பில், எந்தத் திசுவுக்குப் போகிறது என்று பெருமளவுக்கு ஊகிக்கலாம். ஆய்வாளர்கள் இதை ரசாயனக் குறியீடு என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் ஃபர்னஸ், கோஸ்டா இருவரும் கினிப்பன்றியின் குடலில் இதை விரிவாக வரைந்தார்கள். கினிப்பன்றி பன்றியே அல்ல, எலியைப் போன்ற கொறிக்கும் விலங்கு; பெயரை வைத்து இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பாலூட்டிகளில் பொதுவாகத் தென்படும் சில பலகைகள்:

1. நார்அட்ரினலினும் நியூரோபெப்டைடு ஒய்யும்: ரத்தக்குழாயை இறுக்கும் பரிவு நரம்பு.
2. அசிட்டைல்கோலினும் வி.ஐ.பி.யும்: எச்சில் சுரப்பி போன்ற இடங்களுக்குப் போகும் எதிர்ப்பரிவு நரம்பு. அசிட்டைல்கோலின் சுரக்கவைக்கும்; வி.ஐ.பி. அந்தச் சுரப்புக்கு வேண்டிய ரத்தத்தைத் திறந்துவிடும்.
3. நைட்ரிக் ஆக்சைடும் வி.ஐ.பி.யும்: குடல் தசையைத் தளர்த்தும் செல்.
4. அசிட்டைல்கோலினும் சப்ஸ்டன்ஸ் பி என்ற பெப்டைடும்: குடல் தசையைச் சுருக்கும் செல்.

விதிவிலக்குகளும் உண்டு. மனிதரின் வியர்வைச் சுரப்பிக்குப் போவது பரிவு நரம்பு. ஆனால் அது கசியவிடுவது அசிட்டைல்கோலின்! எலிக்குட்டிகளில் பார்த்தால், அந்த நரம்பு நார்அட்ரினலினோடுதான் கிளம்புகிறது. வியர்வைச் சுரப்பியைத் தொட்ட பிறகு, சுரப்பியின் பேச்சைக் கேட்டுச் சரக்கை மாற்றிக்கொள்கிறது. உறுப்பும் நரம்புக்குப் பாடம் நடத்தும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. பன்றிக்கு வியர்த்துக் குளிரும் வசதி கிட்டத்தட்ட இல்லை, அதனால்தான் சேற்றைத் தேடிப் போகிறது.

சரி, ஒரே செல்லில் எதற்கு இரண்டு மூன்று ரசாயனம்? வேகத்துக்கும் நீடிப்புக்கும்தான். சின்ன மூலக்கூறுகள் சிறிய பைகளில் நுனியிலேயே தயாராக இருக்கும். ஒரு லேசான தூண்டுதல் போதும், கொட்டிவிடும். கொட்டியதையோ அது சிதைந்த துண்டையோ நரம்பே திரும்ப உறிஞ்சி மறுபடி பயன்படுத்தும். பெப்டைடு அப்படியில்லை. தூரத்தில், செல்லின் உடலில் தயாராகி, பெரிய பைகளில் நீண்ட நரம்பிழை வழியாகப் பயணம் செய்து வர வேண்டும். தூண்டுதல் அடுக்கடுக்காக, வேகமாக வந்தால்தான் அந்தப் பை திறக்கும். திறந்தால் விளைவு மெதுவாக எழும், நெடுநேரம் நிற்கும். சாதாரணப் பரபரப்பில் நார்அட்ரினலின் மட்டும் பேசும். உயிர்போகும் அவசரத்தில் நியூரோபெப்டைடு ஒய்யும் சேர்ந்துகொள்ளும். இதயத்தில் இந்த நியூரோபெப்டைடு ஒய் இன்னொரு காரியமும் செய்கிறது: பக்கத்தில் இருக்கும் வேகஸ் நுனிகள் அசிட்டைல்கோலின் கசியவிடுவதையே குறைத்துவிடும். முடுக்கியை மிதிப்பதோடு நிற்காமல் பிரேக்கையும் பிடுங்கிவிடுகிறது.

நீலச் சாயமும் ஒளிரும் எதிர்ப்பொருளும்

இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறார்கள்? போலந்தின் ஓல்ஷ்டின் நகரில் உள்ள வார்மியா மசூரி பல்கலைக்கழகம் பன்றியின் தானியங்கு நரம்புகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. வழிமுறை சுருக்கமாக:

1. மயக்கம் கொடுத்த பன்றியின் சிறுநீர்ப்பைச் சுவரிலோ கருப்பையிலோ ஒரு நீலச் சாயத்தை ஊசியால் செலுத்துவார்கள். நரம்பு நுனிகள் அதை உறிஞ்சி, எதிர்த்திசையில் தம் செல் உடலுக்குக் கொண்டுபோகும். சில வாரம் காத்திருந்தால், முடிச்சில் இருக்கும் ஆயிரக்கணக்கான செல்களில் அந்த உறுப்புக்குச் சொந்தமானவை மட்டும் நீலமாகத் தெரியும்.
2. முடிச்சை மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொரு ரசாயனத்தையும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளைப் பூசுவார்கள். எதிர்ப்பொருளில் ஒளிரும் சாயம் கட்டியிருக்கும். பச்சையும் சிவப்பும் ஒரே செல்லில் எரிந்தால் அந்தச் செல்லில் இரண்டு ரசாயனமும் உண்டு.
3. அசிட்டைல்கோலின், நார்அட்ரினலின் போன்ற சின்ன மூலக்கூறுகளுக்குப் பதிலாக, அவற்றைத் தயாரிக்கும் நொதியையோ பைக்குள் அடைக்கும் புரதத்தையோ தேடுவார்கள். அடுப்பையும் பாத்திரத்தையும் பார்த்துச் சமையலை ஊகிப்பது மாதிரி.

இந்த இடத்தில் வாசகர் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும். செல்லுக்குள் ஒரு பொருள் ஒளிர்கிறது என்பதால், அந்தச் செல் அதை வெளியே விடுகிறது என்றோ, அது அந்த உறுப்பில் முக்கியமான வேலை செய்கிறது என்றோ முடிவுகட்ட முடியாது. நார்அட்ரினலின் தயாரிப்பைத் தொடங்கிவைக்கும் டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி இருந்தால் மட்டும் அது நார்அட்ரினலின் செல் ஆகிவிடாது. அந்தத் தயாரிப்பில் முந்தைய படியான டோபமினோடு நின்றுவிடும் செல்லிலும் அது உண்டு. நியூரோபெப்டைடு ஒய்யும் பெப்டைடு ஒய்.ஒய்யும் ஒரே குடும்பம். ஒன்றுக்குத் தயாரித்த எதிர்ப்பொருள் மற்றதையும் பிடித்துக்கொள்ளலாம். ‘பன்றி நரம்பில் புதிய ரசாயனம்’ என்ற தலைப்பைப் பார்த்தால், பார்த்தது இருப்பையா வேலையையா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

எலியை விட்டுப் பன்றியை ஏன் பிடித்தார்கள் என்பதற்கு உருவ அளவு மட்டும் காரணமில்லை. குடல் சுவரில், உட்படலத்துக்குக் கீழே நரம்பு செல்கள் வலைபோல் பரவியிருக்கும். எலி போன்ற சிறிய விலங்குகளில் அங்கே ஒரே ஒரு வலை. பன்றியிலும் மனிதரிலும் அது இரண்டு அடுக்கு: உள்ளே மைஸ்னர் வலை, வெளியே ஷபாடாஷ் வலை. இரண்டின் ரசாயனக் குறியீடும் வேறு வேறு. பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தில் உருவாகும் சியராலினோன் போன்ற நச்சுகள் சிறிய அளவில் தீவனத்தோடு போனாலே பன்றிக் குடல் நரம்பு செல்களின் பெப்டைடு அளவுகள் மாறுவதை ஓல்ஷ்டின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மக்காச்சோளம் ஏராளமாக விளையும் கர்நாடகத்தில் இது தீவனக்காரர்களின் கவலை மட்டுமல்ல.

கம்பியை வெட்டினால்

இனி இதயத்துக்கு வருவோம். மனித இதயமோ பன்றி இதயமோ, மாற்றிப் பொருத்தும்போது அறுவை மருத்துவர் ரத்தக்குழாய்களைத் தைக்கிறார்; நரம்புகளைத் தைப்பதில்லை, தைக்கவும் முடியாது. அப்போது நடப்பவை:

1. பரிவு நரம்புகளின் செல் உடல்கள் கழுத்து, மார்பு முடிச்சுகளில், அதாவது கொடுத்த விலங்கின் உடலிலேயே தங்கிவிடுகின்றன. இதயத்துக்குள் இருந்த நுனிகள் தலையில்லாத வால்கள். சில நாட்களில் சிதைந்துவிடும். அவற்றோடு நார்அட்ரினலின் சேமிப்பும் காலி.

2. எதிர்ப்பரிவுக்குக் கதை வேறு. அதன் முடிச்சுகள் இதயச் சுவரிலேயே, மேலறைகளைச் சுற்றியுள்ள கொழுப்பில் பதிந்திருக்கின்றன. ஆகவே பன்றி இதயத்தை எடுத்து வைக்கும்போது அதோடு பன்றியின் நரம்பு செல்களும் வருகின்றன. பால்டிமோர் நோயாளியின் மார்புக்குள் பன்றியின் தானியங்கு நரம்பு செல்கள் இருந்தன என்பதை எந்தச் செய்தியும் சொன்னதாக நான் பார்க்கவில்லை. அசிட்டைல்கோலின் தயாரிக்கும் வசதியோடு உட்கார்ந்திருக்கும் அந்தச் செல்களுக்கு உத்தரவு கொண்டுவரும் வேகஸ் கம்பிதான் அறுந்துவிட்டது. மேலாளர் இல்லாத கிளை அலுவலகம்.

3. பிரேக் போய்விட்டதால் துடிப்பு ஏறும். இதயத்தின் சொந்தத் தாளம் நிமிடத்துக்குச் சுமார் 100. வேகஸ்தான் அதை 70 பக்கம் இழுத்து வைக்கிறது. அதனால் மாற்று மனித இதயம் பெற்றவர்களின் ஓய்வுத் துடிப்பு பெரும்பாலும் 90 முதல் 110 வரை இருக்கும்.

4. ரத்தத்தில் வரும் ரசாயனத்துக்குக் கம்பி தேவையில்லை. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் உட்பகுதி, உண்மையில் உருமாறிய பரிவு நரம்பு முடிச்சுதான். பயம் வந்தால் அது அட்ரினலினை நேராக ரத்தத்தில் கொட்டும். மனித அட்ரினலினும் பன்றி அட்ரினலினும் ஒரே மூலக்கூறு. பன்றி இதயத்தின் ஏற்பிகள் அதை ஏற்கும்.

ஆக, பயந்தால் அந்த இதயம் படபடக்குமா? படபடக்கும், தாமதமாக. நாய் குரைத்துக்கொண்டு பாய்ந்தால் நமக்கு நரம்பு வழியாக அடுத்த நொடியே எகிறும் துடிப்பு, அப்படிப்பட்டவருக்கு மெதுவாக ஏறும். நாய் போன பிறகும் சட்டென்று இறங்காது. ரத்தத்தில் இருக்கும் அட்ரினலின் கரைய வேண்டும். மாற்று மனித இதயம் பெற்றவர்களிடம் பல்லாண்டுகளாகப் பார்த்துவரும் விஷயம் இது. படியேறுமுன் கொஞ்சம் மெதுவாக நடந்து உடம்பைத் தயார்ப்படுத்திக்கொள்ளச் சொல்வார்கள். லோவியின் இரண்டாவது தவளை இதயமும் இப்படித்தான், நரம்பைத் தொடாமலே திரவத்தின் பேச்சைக் கேட்டது.

அறுந்த நரம்பு சும்மா இருப்பதில்லை

நரம்பிழை அறுந்தால் செல் தன் பலகையையே மாற்றிக்கொள்கிறது. எலியின் கழுத்துப் பரிவு முடிச்சில் இழைகளை வெட்டிப் பார்த்தபோது, சில நாட்களில் நார்அட்ரினலின் தயாரிக்கும் நொதியும் நியூரோபெப்டைடு ஒய்யும் குறைந்தன, கலானினும் வி.ஐ.பி.யும் ஏறின. வழக்கமான செய்தி அனுப்பும் வேலையை நிறுத்திவிட்டு, பிழைத்துக்கொள்வதிலும் மறுபடி வளர்வதிலும் செல் இறங்குகிறது என்று இதைப் புரிந்துகொள்கிறார்கள். வயிற்றுக்குள் இருக்கும் பன்றி முடிச்சுகளிலும், உறுப்பை வெட்டியெடுத்த பிறகு குறியீடு மாறுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

மாற்று இதயத்தில், பெற்றவரின் பரிவு நரம்புகள் ஓராண்டுக்குப் பிறகு மெல்ல மெல்ல உள்ளே வளர்வது உண்டு. எல்லோருக்கும் வளராது, முழுமையாகவும் வளராது. வளர்ந்தவர்களுக்கு உடற்பயிற்சித் திறன் தேறுகிறது. மனித நரம்பிழை பன்றித் தசைக்குள் அப்படி வளர்ந்து குடியேறுமா, குடியேறினால் எந்தக் குறியீட்டைச் சுமக்கும் என்பதை அறிய, பால்டிமோரில் பன்றி இதயம் பெற்ற இருவரும் போதிய காலம் உயிரோடில்லை. அவர்களுக்குப் பொருத்திய பன்றிகளில் 10 மரபணுத் திருத்தங்கள் செய்திருந்தார்கள்: 4 பன்றி மரபணுக்கள் முடக்கம், 6 மனித மரபணுக்கள் சேர்ப்பு. பெரும்பாலானவை எதிர்ப்பாற்றலையும் ரத்த உறைவையும் பற்றியவை. முடக்கியதில் ஒன்று உறுப்பு அளவுக்கு மீறி வளராமல் தடுக்க. நரம்பைப் பற்றிய திருத்தம் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

மருத்துவமனையில் இதன் விளைவு நேரடியானது. துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் வழக்கமாக முதலில் கை நீளும் மருந்து அட்ரோபின். அது வேகஸின் பிரேக்கை விடுவிக்கும். மாற்று இதயத்தில் பிடித்திருக்கும் பிரேக்கே இல்லை, அட்ரோபின் எதை விடுவிக்கும்? அங்கே இதய ஏற்பியை நேரடியாகத் தட்டும் ஐசோபிரினலின் போன்ற மருந்தோ பேஸ்மேக்கரோதான் வேண்டும். இப்படிப்பட்ட நோயாளியை வேறு எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோனாலும், மாற்று இதயம் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

அப்படியானால் பன்றி வால்வு?

பன்றி வால்வுக்கும் இந்த நரம்புக் கதைக்கும் சம்பந்தமே இல்லை. வால்வுக்காக எடுக்கும் திசுவைக் குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் பதப்படுத்துகிறார்கள். தோலைப் பதனிட்டுச் செருப்பாக்குவது போலத்தான். அதில் உயிருள்ள செல் இல்லை, பேசும் நரம்பு இல்லை, கேட்கும் ஏற்பி இல்லை. நோயாளியின் சொந்த இதயமும் சொந்த நரம்புகளும் முன்பு போலவே இருக்கும். மாட்டின் இதய உறையிலிருந்து செய்யும் வால்வுக்கும் இதுவே.

அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. திசு வால்வு சுமார் 10 முதல் 15 ஆண்டில் தேய்ந்துபோகலாம், இளவயதினருக்கு இன்னும் சீக்கிரம். உலோக வால்வு நெடுங்காலம் உழைக்கும். ஆனால் வாழ்நாள் முழுக்க ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரையும், அதற்கான ரத்தப் பரிசோதனையும் வேண்டும். வயது என்ன, பரிசோதனைக்கு அடிக்கடி வர முடியுமா, இனிப் பிள்ளை பெறும் எண்ணம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து முடிவு மாறும். சாமி, சாதி, உணவுப் பழக்கம் காரணமாகப் பன்றி வேண்டாம் என்று தோன்றினால், மாட்டுத் திசுவா உலோகமா என்ற பேச்சை அறுவைக்கு முந்தைய நாள் அல்ல, முதல் ஆலோசனையிலேயே எடுத்துவிட வேண்டும். கூடவே ஒன்று: அறுவையின்போது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின், எந்த வால்வு வைத்தாலும், பெரும்பாலும் பன்றிக் குடலிலிருந்து வருவதுதான்.